கன்னத்துக் கட்டியும் கடைவாய்ப் பல்லும்

கைக்குட்டையால் தாடையை மறைத்துக்கொண்டுதான் அந்த மாணவி வகுப்பில் விடை சொல்வாள். எட்டாம் வகுப்பு, ஜன்னலோர வரிசை. ஜூன் மாதத்தில் எல்லோருக்கும் முன்பாகக் கை உயர்த்தியவள் அவள்தான். பனிமய மாதா கோயில் திருவிழா முடிந்து ஆகஸ்டு மாதம் பள்ளிக்கு வந்தபோது, இடப்பக்கக் கீழ்த்தாடையின் விளிம்பில் சிவப்பாக ஒரு கட்டி இருந்தது.

"என்னம்மா அது?" என்று கேட்டேன்.

"வேனல் கட்டி டீச்சர்" என்றாள்.

பதின்மூன்று வயதுப் பெண். கடற்கரை வெயில். பருவாக இருக்கும், இல்லாவிட்டால் அவள் சொன்னதுபோல வேனல் கட்டியாக இருக்கும் என்று நானும் நினைத்தேன். "கிள்ளாதே, அடிக்கடி முகம் கழுவு" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் நான் சொன்ன அந்த அறிவுரையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கட்டிக்கும் வெயிலுக்கும் தொடர்பில்லை, பருவ வயதுக்கும் தொடர்பில்லை. அது ஒரு பல்லிலிருந்து வந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்கள் எல்லோருக்குமாக நான்கு மாதம் ஆனது.

நான் பணிபுரியும் பள்ளி தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டியது. பிள்ளைகளின் வீடுகளில் தகப்பன்மார் படகுக்கும் துறைமுகத்துக்கும் போகிறவர்கள். தாய்மார் பலர் உப்பளத்துக்கும் மீன் கருவாடு வேலைக்கும் போகிறவர்கள். அந்த மாணவியின் அப்பா சங்கு குளிப்பவர், அம்மா உப்பளத் தொழிலாளி. விடியும் முன்பே அம்மா வேலைக்குக் கிளம்பிவிட வேண்டும். மருத்துவமனைக்குப் பிள்ளையை அழைத்துப்போனால் அன்றைய கூலி இல்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் வகுப்பில் நின்றுகொண்டு "டாக்டரிடம் காட்டு" என்று எளிதாகச் சொல்கிறோம். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்பது நம் கணக்கில் வருவதில்லை.

அவர்கள் காட்டாமல் இல்லை. முதலில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி அக்கி என்று சொல்ல, காவி கரைத்து அக்கி எழுதிக்கொண்டு வந்தார்கள். அன்று சிவப்புக் கோடுகளோடு வகுப்பில் அவள் தலை நிமிரவே இல்லை. பிறகு மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைப் பின்னால் குழாயை வாங்கிப் படித்தபோதுதான் பார்த்தேன். கட்டி உடைந்து சீழ் வந்தது. ஒரு மருத்துவமனையில் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். வற்றிவிட்டது. மூன்று வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் வந்தது. மறுபடியும் மாத்திரை, மறுபடியும் வற்றியது, மறுபடியும் வந்தது.

செப்டம்பரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை வேறு இடம் கேட்டாள். "ஒட்டிக்கும்னு எங்க அம்மா சொன்னாங்க டீச்சர்." நான் இடம் மாற்றிக் கொடுத்தேன். அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அவள் விடுப்பு எடுக்கத் தொடங்கினாள். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது இரண்டு மாதத்தில் பதினேழு நாள் வரவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிப்பவள், அதையும் விட்டுவிட்டாள்.

டிசம்பர் தொடக்கத்தில் பள்ளிச் சிறார் மருத்துவக் குழு வந்தது. வரிசையில் அவள் முறை வந்தபோது கைக்குட்டையை எடுக்கச் சொன்னார் மருத்துவர். தாடையை ஒரு பார்வை பார்த்தார். களிம்பு பற்றியோ முகம் கழுவுவது பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "வாயைத் திற பாப்பா" என்றார்.

கீழ் வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று பாதிக்கு மேல் இல்லை. கருத்த குழிதான் இருந்தது. மருத்துவர் ஒரு விரலைக் கன்னத்தின் உட்புறமும் மற்றொரு விரலை வெளியே கட்டியின் மேலும் வைத்து மெல்ல உருட்டிப் பார்த்தார். பிறகு என் விரலையும் வெளிப்பக்கம் வைத்துப் பார்க்கச் சொன்னார். தோலுக்கு அடியில் கயிறு போல ஏதோ ஒன்று, கட்டியிலிருந்து தாடை எலும்பை நோக்கிப் போவது தெரிந்தது. "பல் வலிச்சுதா?" என்று அவளிடம் கேட்டார். "ஆறாம் வகுப்புப் படிக்கும்போது வலிச்சுது. அப்புறம் தானா நின்னுட்டு" என்றாள்.

அந்தப் பதிலில்தான் முழு விவரமும் இருந்தது.

வலி நின்றால் நோய் நின்றதாகுமா?

பல்லின் மேலே இருப்பது எனாமல். அதற்குள் டென்டின். அதற்கும் உள்ளே பற்கூழ். நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் உயிருள்ள பகுதி அதுதான். சொத்தை எனாமலைத் துளைத்து டென்டினைத் தாண்டும்போது கூச்சமும் வலியும் வரும். பற்கூழைத் தொடும்போது இரவில் தூங்க விடாத வலி வரும். அதன் பிறகு பற்கூழ் செத்துவிடும். நரம்பு செத்த பல்லில் வலி இருக்காது. பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறது, பெற்றோர் "சரியாயிட்டு" என்கிறார்கள். கிருமிகள் அப்போதுதான் தடையில்லாமல் வேரின் நுனி வரை இறங்குகின்றன. வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பில் சீழ் சேர்கிறது.

சேர்ந்த சீழ் எங்காவது வெளியேறியாக வேண்டும். பெரும்பாலும் ஈறு வழியாக வாய்க்குள்ளேயே வெளியேறும். ஈற்றில் சிறு கொப்புளம் போல நாம் பார்ப்பது அதுதான். சில சமயம் வழி வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. தாடை எலும்பில் கன்னத் தசைகள் ஒட்டியிருக்கும் கோடு ஒன்று உண்டு. வேரின் நுனி அந்தக் கோட்டுக்கு உட்புறமாக இருந்தால் சீழ் வாய்க்குள் வரும். கீழ்த்தாடையில் நுனி அந்தக் கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தால் தசை வாய்ப்பக்கம் போக விடாது. சீழ் தோல் பக்கம் வழி தேடும். எலும்பைக் கரைத்து, சதைக்குள் ஒரு குழாய் போலப் பாதை உண்டாக்கி, ஒரு நாள் முகத்தில் கட்டியாக எழும்பி உடையும். நம் ஊரில் 'புரையோடிய புண்' என்று பெரியவர்கள் சொல்வார்களே, சொல் மிகச் சரியானது. உள்ளே புரை ஓடியிருக்கிறது; வெளியே தெரிவது அதன் வாய் மட்டும்.

புரை உடைந்து சீழ் வடிய ஆரம்பித்ததும் உள்ளே அழுத்தம் குறைந்துவிடுவதால், இந்தக் கட்டத்திலும் பல் வலிக்காது. அதனால்தான் பிள்ளையும் பல்லைச் சொல்வதில்லை, பெற்றோரும் பல்லை நினைப்பதில்லை, மருத்துவரும் கேட்டால்தான் தெரிகிறது. உலகம் முழுவதும் இந்தப் புண்ணைப் பரு, தோல் கட்டி, உள்ளே வளர்ந்த முடி, காசநோய்ப் புண், சில நேரம் தோல் புற்றுநோய் என்றுகூட நினைத்துச் சிகிச்சை கொடுத்த நிகழ்வுகளை மருத்துவ இதழ்கள் தொடர்ந்து பதிவு செய்து வருகின்றன. கட்டியை வெட்டி எடுத்துத் தைத்த பிறகும் அதே இடத்தில் மறுபடியும் வந்தவர்கள் உண்டு. ஆகவே படிக்காத பெற்றோரின் அறியாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்பதையும் மருத்துவர் சொன்னார். நாம் விழுங்கும் மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் போக முடியும். செத்த பற்கூழில் இரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியுள்ள சதையில் வீக்கத்தை மருந்து குறைக்கும். பல்லுக்குள் இருக்கும் கிருமியை அது தொடுவதே இல்லை. மாத்திரை முடிந்ததும் அங்கிருந்து மறுபடியும் கிளம்பும்.

எந்தப் பல், எந்த இடம்

இந்தப் புண்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கீழ்த்தாடைப் பற்களால் வருபவை. கீழ்த்தாடையின் முன்பற்கள் கெட்டால் மோவாயில் தெரியும். கீழ்க் கடைவாய்ப் பல் என்றால் தாடை விளிம்பிலோ கன்னத்தின் கீழ்ப்பகுதியிலோ தெரியும். மேல் கோரைப் பல் என்றால் மூக்கின் ஓரத்தில், கண்ணின் உள்முனைக்குக் கீழே வரும். மேல் கடைவாய்ப் பல் என்றால் கன்னத்தில். தோற்றம் ஒரு பருவைப் போலவோ, சற்றுப் பெரிய பயறு அளவில் சிவந்த கட்டியாகவோ இருக்கும். நடுவில் குழி விழுந்து உள்ளே இழுத்துப் பிடித்தது போலத் தெரியும். எலும்போடு ஒட்டியிருப்பதால் தோலை நகர்த்தினாலும் அது நகராது. பரு அப்படி இருக்காது. பரு ஒன்றுக்குப் பத்தாக முகத்தில் பரவியிருக்கும், இடம் மாறி மாறி வரும். ஒரே இடத்தில், ஒற்றையாக, வற்றி வற்றி வருவது என்றால் அப்போது பல்லை நினைக்க வேண்டும்.

சொத்தை மட்டுமே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். கபடியில் முகம் அடிபட்ட பையன், படகுத் துறையில் வழுக்கி விழுந்தவன், மிதிவண்டியிலிருந்து விழுந்தவள் இவர்களுக்கெல்லாம் முன்பல் உடையாமலே உள்ளே செத்துப்போயிருக்கலாம். சில மாதங்களில் அந்தப் பல் மட்டும் சாம்பல் நிறமாக மாறும். பல்லில் ஓட்டையே இருக்காது. ஓரிரு ஆண்டு கழித்து மோவாயில் ஒரு 'பரு' வரும். விழுந்ததையே மறந்திருப்பார்கள். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இது பயன்படும் என்று நினைக்கிறேன். இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடிபட்டு நிலைப்பல் முழுசாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கு இருந்தால் லேசாக நீர் விட்டு அலசி, முடிந்தால் அதே குழியில் வைத்து, முடியாவிட்டால் பாலில் போட்டு, உடனே பல் மருத்துவரிடம் போக வேண்டும். அரை மணி நேரத்துக்குள் போனால் பல் மறுபடியும் பிடித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. பால் பல் விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். என் மாணவிக்குப் போன பல் ஆறு வயதில் முளைத்த முதல் நிலைக் கடைவாய்ப் பல். எந்தப் பால் பல்லும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் பல் அது. நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது. பெரும்பாலான பெற்றோர் அதையும் பால் பல் என்றே எண்ணுகிறார்கள். "விழுந்து முளைக்கிற பல்லுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்து முளைக்காது. அறுபது வயது வரை அதுதான். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் இந்த ஒரு செய்தி பெற்றோர் கூட்டத்தில் சொல்லப்பட்டிருந்தால் எட்டாம் வகுப்பில் நான் இந்தக் கட்டுரைக்கான அனுபவத்தைப் பெற்றிருக்க மாட்டேன்.

நம் நாட்டில் 2002-03இல் நடந்த தேசிய வாய் நல ஆய்வில் 12 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேல், 53.8 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது. 15 வயதில் அது 63.1 விழுக்காடு. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இருபது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருபது பேருக்கும் முகத்தில் புண் வந்துவிடாது. தோல் வரை புரையோடுவது அவர்களில் மிகச் சிலருக்கே. ஆனால் அந்த ஒருவர் வரும்போது நம் முன்னால்தான் ஆண்டு முழுவதும் உட்கார்ந்திருப்பார்.

"மொகத்துல இருக்கதுக்குப் பல்ல ஏன் பாக்கணும்?"

மருத்துவக் குழு பரிந்துரைச் சீட்டு கொடுத்தது. அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவுக்குப் போக வேண்டும். மறுநாள் அம்மா பள்ளிக்கு வந்தார். கோபமாகத்தான் வந்தார். "மொகத்துல இருக்கதுக்குப் பல்ல ஏன் டீச்சர் பாக்கணும்? நாலு மாசமா நான் கூலிய விட்டுட்டு அலையுதேன். இப்போ பல்லுங்கீங்க."

படம் வரைந்து விளக்கலாம் என்று சாக்குக்கட்டியை எடுத்தேன். பிறகு அவர் வேலையே நினைவுக்கு வந்தது. "அக்கா, பாத்தியில தண்ணி கட்டி நிறுத்தியிருக்கீங்க. வரப்புல எங்கேயோ ஓட்டை. தண்ணி அந்த இடத்துலேயே வெளியே வருமா?" என்று கேட்டேன்.

"எங்க வரும்? மண்ணு எங்க லேசா இருக்கோ அங்க வரும். ரெண்டு பாத்தி தள்ளிக்கூட ஊறும்."

"ஊறின இடத்துல மண்ணைப் போட்டு மிதிச்சா?"

"நிக்காது. அடுத்த நாளு பக்கத்துல ஊறும்." சொல்லிவிட்டு மகளின் தாடையைப் பார்த்தார். அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

அப்பாவுக்கு வேறு தயக்கம். பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் இது பரவலான நம்பிக்கை; நம் ஆசிரியர் அறையிலேயே கேட்டிருப்பீர்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் எடுப்பதால் பார்வை போவதில்லை. ஆனால் கெட்டுப்போன மேல் பல்லை எடுக்காமல் விட்டால் சீழ் கண்ணைச் சுற்றிப் பரவ வாய்ப்பு இருக்கிறது. நான் இதைச் சொன்னபோது அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அவரை நம்ப வைத்தது அவருடைய பல்தான்.

முத்துக்குளிப்பு இங்கே 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. சங்கு குளிப்பது இன்னும் நடக்கிறது. பேச்சுவாக்கில் அவர் சொன்னார், "கீழ எறங்கினா எனக்கும் ஒரு பல்லு ஊசி வச்சுக் குத்தும் டீச்சர். மேல வந்தா ஒண்ணும் இருக்காது." எனக்கு ஒரே வியப்பு. ஒன்பதாம் வகுப்புப் பாய்ம அழுத்தப் பாடம் முழுவதும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. சொத்தைப் பல்லின் உள்ளேயோ, சரியாக அடைக்காத பல்லின் அடியிலேயோ சிறு காற்றிடம் இருந்தால், அழுத்தம் மாறும்போது அங்கே வலி எடுக்கும். மூழ்குபவர்களுக்கும் விமானிகளுக்கும் வரும் பல்வலி என்று மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. "மேல வந்ததும் வலி இல்லைங்கறதால பல்லு நல்லா இருக்குன்னு அர்த்தமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "புள்ளைக்கும் அதேதானா?" என்றார்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். புண்ணின் துவாரத்தில் மெல்லிய, வளையும் குச்சி போன்ற ஒன்றை வலிக்காமல் நுழைத்து எடுத்த படம் அது. வெள்ளைக் கோடாக அந்தக் குச்சி தாடைத் தோலிலிருந்து நேராகப் போய், ஆறாவது பல்லின் வேர் நுனியில் இருந்த கருநிழலில் நின்றது. அந்தப் படத்தைக் கைபேசியில் எடுத்து வைத்திருக்கிறேன், அவர்கள் சம்மதத்துடன், பெயர் தெரியாதபடி. எட்டாம் வகுப்புக்கு இதைவிடச் சிறந்த கற்றல் கருவி என்னிடம் இல்லை.

வழி இரண்டுதான்: பல்லை எடுப்பது, அல்லது வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றுவது. "எடுத்துருங்க, ஒரே நாள்ல முடியும்" என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். கூலிக் கணக்கில் அது நியாயம். பதின்மூன்று வயதில் முதல் கடைவாய்ப் பல் போனால் பக்கத்துப் பற்கள் சாயும், மென்று தின்பது குறையும் என்று மருத்துவர் சொன்னதால் வேர் சிகிச்சைக்குச் சம்மதித்தார்கள். மூன்று முறை போக வேண்டியிருந்தது. ஒருமுறை அம்மாவால் முடியாதபோது, எழுத்தில் ஒப்புதல் பெற்று, தலைமையாசிரியரிடம் சொல்லி, அவள் சித்தியோடு நான் போனேன்.

தோலுக்கு எந்த மருந்தும் போடவில்லை. பல்லுக்குள் சுத்தம் செய்த முதல் நாளிலிருந்து சீழ் குறைந்தது. இரண்டு வாரத்தில் துவாரம் மூடிவிட்டது. நான்கு மாதம் அக்கி எழுதியும் களிம்பு பூசியும் மாறாத புண் அது. இடத்தில் ஒரு சிறு குழி மட்டும் நின்றது. அது மெல்ல மங்கும், முழுவதும் மறையாமலும் இருக்கலாம் என்றார்கள். சீக்கிரம் கண்டுபிடித்திருந்தால் குழியும் சிறிதாக இருந்திருக்கும்.

பொறுக்கக் கூடாத வீக்கம்

இதுவரை சொன்னது மெதுவாக நடக்கும் நோய். அதே பல் வேகமாகவும் நடந்துகொள்ளும். 2007 பிப்ரவரியில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயது மாணவர் ஒருவர் பல் சீழ்க்கட்டியிலிருந்து கிருமி மூளைக்குப் பரவி இறந்தார். இரண்டு மூளை அறுவை சிகிச்சைகள், ஆறு வாரத்துக்கு மேல் மருத்துவமனை. இரண்டரை இலட்சம் டாலர் செலவு என்று செய்திகள் கூறின. அந்தப் பல்லை ஆரம்பத்திலேயே எடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு ஏறக்குறைய 80 டாலர். செல்வம் மிகுந்த நாட்டில், காப்பீடும் பல் மருத்துவரும் ஏழைக் குழந்தைக்குக் கைக்கெட்டாமல் போனதால் நடந்தது. அதன் பிறகுதான் அந்த மாநிலம் ஏழைக் குழந்தைகளுக்கான பல் சிகிச்சையை விரிவாக்கியது. பள்ளிகளுக்கே செல்லும் பல் மருத்துவ வண்டியும் வந்தது.

ஆகவே சில அறிகுறிகளைக் கண்டால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்கக் கூடாது. முகத்தில் வீக்கத்தோடு காய்ச்சல். வீக்கம் கண்ணை நோக்கிப் போவது, கண் திறக்க முடியாமல் ஆவது. வாயை இரு விரல் அளவுகூடத் திறக்க முடியாமை. தாடைக்கு அடியில் இரு பக்கமும் கல் போலக் கெட்டியான வீக்கம், நாக்கு மேலே தூக்கியிருத்தல், எச்சில் விழுங்க முடியாமல் வடிதல், குரல் மாறுதல், மூச்சுத் திணறல். கடைசியில் சொன்னவை 1836இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த நோயின் அடையாளங்கள். மூச்சு வழியை அடைத்துவிடக் கூடியது. பெற்றோர் வரும்வரை காத்திருக்காமல் 108ஐ அழைத்துவிட்டு அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள்.

கன்ன வீக்கத்தோடு வரும் பிள்ளையைப் பார்த்ததும் 'பொன்னுக்கு வீங்கி' என்று சொல்லிக் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு அனுப்பும் வீடுகள் இன்னும் உண்டு. பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் காதுக்கு முன்னும் கீழும் இருக்கும், காது மடல் சற்றுத் தூக்கித் தெரியும், பெரும்பாலும் இரு பக்கமும் வரும். பல் வீக்கம் ஒரு பக்கம், கன்னத்திலோ தாடை விளிம்பிலோ இருக்கும். உள்ளே பார்த்தால் ஒரு கெட்ட பல் இருக்கும். பல் வீக்கத்துக்கு வெளியே சூடாக ஒத்தடம் கொடுப்பதைப் பல் மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். வலி மாத்திரையைப் பொடித்து ஈற்றில் வைப்பதும் கூடாது, ஈறு வெந்துவிடும்.

ஆசிரியர் என்ன செய்யலாம்

நாம் மருத்துவர்கள் அல்ல. முகத்தில் வரும் எல்லாப் புண்ணும் பல்லிலிருந்து வருவதும் இல்லை. வாயோரத்துத் தேன் நிறப் பொருக்கு, வட்டமான படை, உணர்ச்சியற்ற வெளிறிய தேமல், கழுத்தில் நெறி கட்டுதல் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருத்துவர் வேறு. நோயின் பெயரைச் சொல்வது நம் வேலை இல்லை. "பல்லையும் ஒருமுறை காட்டுங்கள்" என்று சொல்வது நம்மால் முடியும். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத ஒற்றைக் கட்டி என்றால் கட்டாயம் சொல்லலாம்.

எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். வகுப்பு முன்னால் ஒரு பிள்ளையை வாய் திறக்கச் சொல்லாதீர்கள். நான் அவளைத் தனியாக அழைத்து, "இந்தப் பக்கமா மெல்லுவியா, அந்தப் பக்கமா மெல்லுவியா?" என்று ஆகஸ்டிலேயே கேட்டிருந்தால் போதும். ஒரே பக்கமாக மெல்லும் பிள்ளையின் மற்றப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது. எப்போதாவது பல் வலித்ததா, எப்போதாவது விழுந்தாயா, வாயில் உப்புக் கரிப்பது போலவோ கெட்ட சுவையோ வருகிறதா, இவையும் கேட்கலாம். வடியும் சீழைத் தொடாமல் சுத்தமான துணியால் மூடச் சொல்லலாம், பிதுக்க வேண்டாம் என்று சொல்லலாம். பக்கத்தில் உட்காருவதால் இது ஒட்டாது. வகுப்புக்கு அதைச் சொல்லி இடம் மாற்றாமல் இருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. நான் தவறிய இடம் அது.

சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வருகின்றன. பல் சொத்தை அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. பள்ளி மாணவர் பல் பாதுகாப்புக்காகவே 2023இல் 'புன்னகை' திட்டமும் நம் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. குழு வரும் நாளில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. யார் யாருக்கு என்ன என்று ஆண்டு முழுவதும் நாம் கவனித்ததை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுப்பது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே நாளில் பார்க்கும் மருத்துவருக்கு அந்தத் தாள் பெரிய உதவி. அன்று வராத பிள்ளையின் பெயர் அதில் முதலில் இருக்கட்டும்; தாடையை மறைக்கும் பிள்ளைதான் அன்று வராமல் இருக்கும். பரிந்துரைச் சீட்டு வாங்கியவர்கள் உண்மையில் போனார்களா என்று இரண்டு வாரம் கழித்துக் கேட்பதும் அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளலாம்.

காலை உணவு சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கும் பழக்கத்தை எங்கள் பள்ளித் தொடக்கப் பிரிவில் இப்போது கொண்டுவந்திருக்கிறோம். அரை நிமிடம்கூட ஆவதில்லை. இரவில் படுக்கும் முன் ஃபுளூரைடு உள்ள பற்பசையால் துலக்குவதுதான் இன்னும் முக்கியம் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறோம். மக்ரூனும் கருப்பட்டி மிட்டாயும் விற்கும் ஊரில் இனிப்பே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. உணவோடு சேர்த்துச் சாப்பிடுங்கள், நாள் முழுவதும் வாயில் ஒதுக்கி வைத்துக்கொள்ளாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஜனவரியிலேயே மறுபடியும் வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்க வந்துவிட்டாள். போன மாதம் அவள் அம்மா முதல் வகுப்பில் படிக்கும் தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்தார். "இவன் பல்லையும் எண்ணிப் பாருங்க டீச்சர், ஆறாவது முளைச்சிட்டான்னு." முளைத்திருந்தது, நல்ல வேளையாக வெள்ளையாக இருந்தது. அப்பாவிடம் அவருடைய பல்லைக் காட்டினீர்களா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன். "காத்துக் காலம் வரட்டும் டீச்சர், கடலுக்குப் போகாத நாளு நெறைய கெடைக்கும்" என்கிறார்.